அசை போடாத குதிரை

முப்பது வருடம் மாடு வளர்த்த நாச்சிமுத்து, சந்தையில் ஒரு குதிரை வாங்கிவிட்டார். அன்றிலிருந்து கால்நடை மருத்துவர் வஹிதாவின் செல்பேசிக்கு ஓய்வில்லை.

"டாக்டரம்மா, இது அசையே போட மாட்டேங்குதுங்க."

"குதிரை அசை போடாதுங்க."

"குளம்பும் பிளவில்லாமக் கெடக்குதுங்க."

"அது மாடில்லைங்க!"

ஐந்தாம் நாள், "இனிமேக் கூப்பிடாதீங்க" என்று கத்தியேவிட்டாள்.

மறுநாள் அழைப்பே வரவில்லை. மாலையில் மனசு கேட்காமல் அவளே கூப்பிட்டாள்.

"உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு விட்டுட்டனுங்க. இப்பச் சரியாப்போச்சு. காலையிலிருந்து தீனியைத் தொடாம, படுத்துட்டு மாடாட்டவே மென்னுட்டிருக்குதுங்க" என்றார் சந்தோஷமாக.

வயிற்றுவலி தாங்காத குதிரைதான் அப்படிப் பல்லை அரைக்கும்.

"எழுப்பி நடக்க விடுங்க! இதோ வர்றேன்."

"எதுக்குங்க? நல்லாத்தான இருக்குது?"

வஹிதா வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.