கொட்டகைச் சாவி

இதை எனக்கு முதலில் சொன்னது இசைவாணி. போன தை அறுப்பு முடிந்த சமயம், நாகப்பட்டினம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் தோத்த கதையைக் கேக்குறீங்களா அக்கா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவளுக்கு. அங்கே இருக்கும் ஜெபக் கொட்டகை, அவள் புருஷன் இளவழகனும் கண்ணுசாமியும் சேர்ந்து போட்டது. கால் ஊன்றியது, தகரம் ஏற்றியது எல்லாம் இரண்டு பேர் கையும்தான். அண்ணன் தம்பி மாதிரி இருந்தவர்கள், வேத வசனத்துக்கு அர்த்தம் சொல்வதில் பிரிந்தார்கள்.

"தேவன் ஒருத்தர்தான். இயேசு பெத்லகேம்ல பிறந்த அன்னைக்குத்தான் ஆரம்பம். அதுக்கு முன்னாடி தேவனோட திட்டத்துல இருந்தார், அவ்வளவுதான்" என்றார் இளவழகன்.

"உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே இருந்தவரை, நேத்துப் பிறந்தவர்ங்கிறியா?" என்றார் கண்ணுசாமி.

சபை இரண்டாகிவிட்டது. ஒரு கொட்டகையில் இரண்டு போதனை எப்படி? கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பேசித் தீர்ப்பது, பதில் சொல்ல முடியாதவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் ஆட்களோடு வெளியே போய்விடுவது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் முன்னால், தூணில் சாய்ந்து கண்ணுசாமியின் மகள் செவ்வந்தி. உடம்புக்கு முடியாமல் அப்பா வீட்டோடு கிடந்தவள், அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள்.

"சித்தப்பா, தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்க" என்று இளவழகனிடம் சொம்பை நீட்டினாள்.

"எதிர்க்கட்சிக்கு ஏம்மா தண்ணி குடுக்குறே?" என்றார் கண்ணுசாமி. கூட்டம் சிரித்தது.

முதலில் இளவழகன் கைதான் ஓங்கியிருந்தது. "ஆபிரகாமுக்கு முன்னாடியே இருந்தேன்னு அவரே சொன்னாரே?" என்று கேட்டார் கண்ணுசாமி. அதற்குப் பதில் வந்தது. "அவரு வழியாத்தானே எல்லாம் உண்டாச்சு?" அதற்கும் வந்தது. கண்ணுசாமிக்கு வேர்த்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி தம்பி. பிறந்த அன்னைக்குத்தான் ஆரம்பம்ங்கிறே. அப்போ மரியாள் வயித்துல இருந்தது யாரு? அது ஆளா, ஆள் இல்லையா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லு."

"எனக்கு அப்பதான் அக்கா நிம்மதியாச்சு" என்றாள் இசைவாணி. "இந்தக் கேள்வி வரும்னு அவருக்கு முன்னாடியே தெரியும். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதுகூடப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தார்."

இளவழகன் வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுப்பா."

இளவழகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தம்பிக்கு கரன்ட் போயிடுச்சு, மோட்டார் நின்னுபோச்சு!" என்றார் கண்ணுசாமி.

இளவழகன் பக்கத்து ஆளான வீரையனே எழுந்துவிட்டார். "என்னண்ணே, வாயில நாத்து நட்டு வச்சிருக்கீங்களா? ஏதாவது சொல்லுங்க!"

"தெரியலை" என்றார் இளவழகன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கண்ணுசாமி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று முதல் இளவழகன் ஆட்களின் ஜெபம் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையில். மழை வந்தால் பாதிப் பேர் நனைய வேண்டும். வீரையன் வருவதையே நிறுத்திவிட்டார். கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால், "ஒரு கேள்விக்கே ஓடிட்டாரு" என்று காதுபடவே பேச்சு.

இசைவாணிக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அத்தனை தடவை சொல்லிப் பார்த்த பதில் எங்கே போச்சு? மறந்துட்டீங்களா?"

"மறக்கலை."

"இல்ல, அது தப்புன்னு தோணிடுச்சா?"

"இல்ல வாணி. இப்பவும் அதைத்தான் நம்புறேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மண்ணைப் பிசைஞ்சு வச்சப்ப ஆதாம் ஆள் இல்லை. தேவன் மூச்சை ஊதுனதுக்கு அப்புறம்தான் ஆள். அதனால பிறந்து மூச்சு விடுற வரைக்கும் யாரும் ஆள் இல்லை. இதுதான் நான் சொல்ல வேண்டியது."

"நல்ல பதில்தானே! சொல்லியிருந்தா கொட்டகை நம்மகிட்ட இருந்திருக்கும்."

"கண்ணுசாமி அண்ணன் அதைக் கேட்டதும், செவ்வந்தி நிமிர்ந்து என்னையே பார்த்தா வாணி."

இசைவாணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அந்த ஞாயிறுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், எட்டாம் மாதத்தில், செவ்வந்தியின் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. வெளியே வந்து ஒரு மூச்சுக்கூட விடவில்லை. அதற்கு எஸ்தர் என்று பேர் வைத்து, இன்றைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவள் ஜெபம் பண்ணுகிறாள். ஜெயிக்கிற வேகத்தில், பெற்ற அப்பாவுக்கே அது நினைவுக்கு வரவில்லை.

பஸ் நின்றது. இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எந்தப் பக்கம் சரி என்பது கர்த்தருக்குத் தெரியும். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எப்போதாவது அந்த ஊர்ப்பக்கம் போய், இளவழகனைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் பதில் தெரியாமல்தான் தோற்றார் என்றே சொல்லிவிடுங்கள்.