நீயும் போய்ட்டா?

"நீயும் ஜெர்மனிக்குப் போய்ட்டா இங்க பிரசவம் பார்க்க யாரும்மா இருக்கா?"

அந்த அல்பேனிய மலைநகரத்து மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஸ்கந்தர் மேசையைத் தட்டிக் கேட்டார். எதிரே நின்ற டாக்டர் லுல்யேதா சலித்துக்கொண்டாள்.

"ஸ்கேன் மெஷின் ரிப்பேர். மருந்து கேட்டா வரும் வரும்ங்கறாங்க. எத்தனை நாள் சார் நானும் மல்லுக்கட்டுறது? கூடப் படிச்சவங்க எல்லாம் அங்க நிம்மதியா இருக்காங்க."

"போன வாரம் வந்த அக்னேசாவை மறந்துட்டியா? பனியில ரோடு மூடிக் கிடந்துச்சு. தலைநகர் டிரானாவுக்கு எப்படிப் போயிருப்பா? நீ இல்லன்னா தாயும் பிள்ளையும் பொழைச்சிருக்குமா? மனசாட்சி வேண்டாமா?"

லுல்யேதாவின் கண்கள் கலங்கின. அவர் எதிரிலேயே ஜெர்மன் மருத்துவமனைக்குப் போன் செய்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஸ்கந்தர் எழுந்து வந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார்.

"நீ தங்கம்மா, தங்கம்!" என்றவர், மேசையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "இனிமே இங்க தலைமை டாக்டர் நீதான்."

"அப்ப நீங்க சார்?"

"ஞாயித்துக்கிழமை மியூனிக் கிளம்பறேன். அங்க வேலை கிடைச்சு ரொம்ப நாளாச்சு. பொறுப்பை ஒப்படைக்க ஆள் இல்லாம விட மாட்டோம்னு இங்க மேலிடத்துல சொல்லிட்டாங்க."

அவள் ஆத்திரத்தோடு கேட்டாள். "அப்ப... இங்க பிரசவத்துக்கு வர்ற பொம்பளைங்க கதி?"

கோட்டை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"அதான் நீ இருக்கியேம்மா!"