கை கோத்து நடந்த மேடு

சிப்பாய்கள் கை கோத்து வரிசையாக நின்றதும் மேய்பின் மேட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

கண்ணிவெடி எடுத்து முடித்த நிலத்தை ஊரிடம் ஒப்படைக்கும்போது அவர்கள் செய்கிற வழக்கம் அது. எடுத்தவர்களே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடப்பார்கள். முத்திரை குத்திய காகிதத்தை நம்பாத வியட்நாமை ஒட்டிய யுன்னான் எல்லை மலைக்காரர்கள்கூட அந்த நடையை நம்புவார்கள்.

இந்த மேட்டை மட்டும் யாரும் நம்பவில்லை.

வியட்நாமோடு நடந்த சண்டை ஓய்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு மழைக்கும் மேலேயிருந்து மண் சரியும், மண்ணோடு ஒரு வெடியும் சறுக்கி வரும். கூட்டத்தில் ஊர் ஒரே வாயாகச் சொல்லிவிட்டது. ஒப்படைக்கிற அன்றைக்கு ஊர்க்காரர் ஒருவரும் இதில் கால் வைக்காவிட்டால், அரசாங்கம் மரக்கன்று நட்டுக் காடாக்கிவிடட்டும்.

ஊருக்கென்ன, வேறு நிலம் இருந்தது. மேய்பினுக்கு இந்த மேடு ஒன்றுதான். இதுவும் காடாகிவிட்டால் சாகும்வரை மருமகள் முகத்தைப் பார்த்துச் சோறு தின்ன வேண்டும். அந்த முகத்தை அவள் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

"பெரியம்மா, வெளிய போங்க. இது எங்க வேலை," என்றார் கேப்டன் ஷாவ்.

"நீங்க நடந்துட்டு லாரி ஏறிப் போயிடுவீங்க. நாளைக்கு இதுல நடக்கப்போறது நான்தானே?"

இடது காலைத் தட்டிக் காட்டினாள். டொக்கென்றது.

"ஏதாவது மிச்சம் இருந்தா உங்களுக்குப் போறது காலு. எனக்குப் போறது கட்டை. நீங்களே சொல்லுங்க, யாரு முன்னால போகணும்?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

"மிச்சம் ஒண்ணும் இல்ல. நானே கையால தடவிப் பாத்த மண்ணு," என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, வாங்க. இருந்தாலும் கட்டையத்தான் முன்னால வைக்கணும்."

அவள் தலையாட்டினாள். வரிசையின் கடைசியில் நின்று அவர் கையையே பிடித்துக்கொண்டாள். அவருக்கும் உள்ளங்கை வேர்த்திருந்தது.

வரிசை நகர்ந்தது. கட்டையை ஊன்றுவாள், அது நின்ற இடத்துக்கே நல்ல காலை இழுத்துக்கொள்வாள். மறுபடி கட்டை, மறுபடி கால். பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தன் நிலத்தில் தான் திருடியைப் போல நடக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம்.

பாதி மேடு கடந்தபோது கயிற்றோரத்திலிருந்து சாராயம் காய்ச்சும் தாவ் குரல் கொடுத்தான்.

"கட்டைய வெச்சு நடக்க எனக்குந்தான் தெரியும். கட்டைக்கென்ன, வலிக்கவா போகுது?"

ஊரே சிரித்தது.

மேய்பினுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி என்பதுதான் காரணம். இப்படியே மறு ஓரம்வரை போனாலும் நாளைக்கு ஒருவனும் அவளுக்காக இதில் ஏர் கட்டமாட்டான்.

கேப்டனின் கையை விட்டாள். வரிசை நின்றுவிட்டது.

அவள் பக்கவாட்டில் விலகி, மேட்டின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த பாறைக்குப் போனாள். அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது காலிலிருந்த துணிச் செருப்பைக் கழற்றி வீசினாள்.

"பெரியம்மா." கேப்டனின் குரல் இறங்கிவிட்டது.

வெறுங்காலைத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் குதிகாலில் இறக்கி மிதித்தாள்.

இன்னொரு முறை மிதித்தாள்.

சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. அந்தப் பாறையோரம் எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெடி வெடித்த அன்றைக்கு அங்கிருந்து மேய்பினைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவனே தாவ்தான். அவளைக் கிடத்திவிட்டு, திரும்பி வந்து, அவள் இடது காலைத் தேடி எடுத்துப் போனவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இன்றைக்குத்தான், அதுவும் கயிறுவரைக்கும்.

மேய்பின் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்தாள்.

"உனக்குப் பசி இன்னும் அடங்கலியா?"

மண் சும்மா கிடந்தது.

மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மக்காச்சோள விதையை எடுத்தாள். குதிகால் பறித்த குழியில் அதைப் போட்டு, அதே வெறுங்காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"இனிமே இதைத் தின்னு."