யார் கொடுத்த மருந்து?

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பெண்ணின் அப்பா போட்ட சத்தத்தில், அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையின் விடுதிச் சமையல்காரம்மா சுவரோரம் ஒதுங்கினாள்.

விடுதிச் சோற்றில் கல் கிடந்து, அதுதான் குடல்வாலில் போய் அடைத்துக்கொண்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா அழுது அழுது தொண்டை கட்டி, பக்கத்தில் நின்றாள்.

வேலை போனால் போகட்டும், அந்தப் பொண்ணு பிழைத்தால் போதும் என்று சமையல்காரம்மா வேண்டாத தெய்வமில்லை.

டாக்டர் வெளியே வந்தார். கையிலிருந்த சின்ன பாட்டிலில், விரல் நீளத்துக்குக் கறுத்து வீங்கிய குடல்வால். கூடவே பட்டாணி அளவில் ஒரு கல்.

"பாத்தீங்களா, கல்லு" என்றார் அப்பா.

அது சோற்றுக் கல் இல்லை என்றார் டாக்டர். மலம் இறுகி உள்ளேயே உருவானதாம். குடல்வாலின் வாயை அது அடைத்துக்கொண்டால் உள்ளே கிருமி பெருகி, வீங்கி, சீழ் பிடித்துவிடும். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், சமையலைக் குறை சொல்ல முடியாது.

சமையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதுவும் ஒரு நிமிஷம்தான்.

"ஆனா வந்த வலிக்கு யாரோ பேதி மருந்து குடுத்திருக்காங்க. வீங்கின குடல்வாலுக்கு அது ஆகவே ஆகாது. வெடிச்சு, சீழ் வயிறு பூரா பரவிடுச்சு. நாளைக்குக் காலை வரைக்கும் என்னால எதுவும் சொல்ல முடியாது. யார் குடுத்தது?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் சமையல்காரம்மா.

டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "என் பொண்ணைக் கொன்னுட்டியே" என்று அம்மா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். அவ்வளவு நேரம் கத்திய அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடியும்வரை சாய்ந்து அழ அந்த அம்மாவுக்கு அவரை விட்டால் ஆளில்லை. அதனால்தான், முந்தாநாள் போனில் "லீவு போட நடிக்கிறாம்மா, ரெண்டு ஸ்பூன் பேதி மருந்து குடுங்க, சரியாயிடும்" என்று சொன்னது அவர்தான் என்பதைச் சமையல்காரம்மா சொல்லவில்லை.