உழைத்துத் தேய்ந்த டோர்வல்

கால் மணி நேரத்தில் மூன்றாவது முறையாக உள்ளறையில் வேக்குவம் கிளீனர் அலறியது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போதுகூடத் தரையை விட்டுவைக்க மனசு வராத இப்படியொரு சுத்தக்காரியைக் கம்பெனிப் பரிசோதகர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"கேட்டீங்களா சார், அந்தக் குரலை?" வீட்டுக்காரர் சோபா நுனிக்கு வந்து கத்தினார். "டோர்வல்! நாப்பது வருஷமா ஓடுது. கிராஸ்டன் கேள்விப்பட்டிருப்பீங்க. இரும்பு உடம்பு, பார்க்கப் பயில்வான். அஞ்சாவது வருஷம் படுத்துடும். நிம்போ இருக்கே, அது பஞ்சு மாதிரி லேசு. ஆனா பெல்ட் மாத்தியே நம்ம ஆயுசு முடிஞ்சுடும். டோர்வல்தான் சார் உழைப்பாளி!"

பரிசோதகர் தலையாட்டினார். பாதி காதில் விழவில்லை.

வீட்டுக்காரர் ரிட்டயரான டோர்வல் விற்பனையாளர். இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். வேலை போனாலும் வாய் ஓயவில்லை. தினமும் உழைத்த பழைய மெஷின் ஒன்றை, அதன் சொந்தக்காரர் போட்டோவோடு தலைமை அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போவதாகக் கம்பெனி அறிவித்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லை. டை கட்டிக்கொண்டு போட்டோகூட எடுத்து வைத்துவிட்டார்.

"அந்த ஆணியில தொங்குது பாருங்க, அதோட குழாய். ஒரு கீறல் விழுந்திருக்கா சொல்லுங்க!"

பரிசோதகர் பார்த்தார். நிஜமாகவே கீறல் இல்லை. உள்ளே மெஷின் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் பேச்சை நிறுத்தினார். மெஷினும் நின்றது. வீட்டம்மா அதைத் தூக்கிவந்து பரிசோதகர் முன்னால் வைத்தார்.

"கம்பெனி இதை எடுத்துக்கிட்டா, பதிலுக்குப் புது மாடல் ஒண்ணு தருவோம்மா," என்றார் பரிசோதகர். "பூனை நடக்கற மாதிரி. சத்தமே வராது."

"ஐயோ, அது வேண்டவே வேண்டாம்!" வீட்டம்மா பதறிவிட்டார்.

"பார்த்தீங்களா? என்னைவிட இவளுக்குத்தான் டோர்வல் மேல பாசம்," என்று வீட்டுக்காரர் பூரித்துப்போனார்.

பரிசோதகர் திருப்புளியை எடுத்து மோட்டார் மூடியைக் கழற்றினார். உள்ளே, மோட்டார் ஓட ஓடக் கரையும் கார்பன் கட்டை நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஸ்விட்சில் இருந்த எழுத்தே அழிந்துபோயிருந்தது.

"இது எத்தனையாவது செட் கார்பன்?"

"ஒன்பதாவது! எல்லாம் என் கையால மாட்டினது."

"அடேங்கப்பா! தினமும் ரெண்டு மணி நேரமாவது ஓடியிருக்கணும் சார்."

வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டி ஏறக்குறைய கைக்கு எட்டிவிட்டது.

அடுத்து தூசிப் பையை வெளியே எடுத்தவர், அதையே பார்த்தபடி நின்றார். பை கம்பெனி மடிப்புக் கலையாமல் இருந்தது. கவிழ்த்துத் தட்டினார். ஒரு சிட்டிகை தூசி விழவில்லை.

"சார், இது ஒரு நாள்கூட வீட்டைக் கூட்டலையே!"

"என்ன சார் பேசறீங்க? தினமும் ஓடுது. என் ரெண்டு காதாலயும் கேக்கறேன்!"

"ஓடியிருக்கு. குழாயை மாட்டாம சும்மா ஓடியிருக்கு. இப்பக்கூட மெஷின் உள்ளே ஓடிச்சு, குழாய் இங்கே ஆணியிலதானே தொங்குது?" பரிசோதகர் சங்கடத்தோடு படிவத்தை நீட்டினார். "தினசரி உபயோகம்னு போட்டிருக்கு பாருங்க. வீட்டுக்கு ஏதாவது ஒரு விதத்துல பிரயோஜனப்பட்டிருக்கணும். இல்லேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

வீட்டுக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப இத்தனை வருஷமா வீட்டை எதாலதான் கூட்டினே?"

"துடைப்பத்தாலதாங்க," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்காரர் வாயடைத்துப்போய் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டம்மா பார்க்காத காட்சி அது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"சார், ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களா?" வீட்டம்மா பரிசோதகரைச் சமையலறை வாசல் வரை அழைத்துப்போய்க் காதோடு காதாக ஏதோ சொன்னார்.

பரிசோதகர் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த வீட்டுக்குள் நுழைந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்து, 'நாற்பது வருடம். தினசரி உபயோகம். இந்த வீட்டுக்கு மிகவும் அவசியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

"புது மாடல் வேண்டாம்மா," என்று மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். "எங்க கிடங்குல இன்னொரு பழைய டோர்வல் கிடக்கு. அதை அனுப்பி வைக்கறேன். இதைவிடச் சத்தம் ஜாஸ்தி."

வீட்டம்மா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வீட்டுக்காரருக்கோ போன உயிர் திரும்பி வந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே சார்! டோர்வல் தோத்ததா சரித்திரமே கிடையாது. இப்படித்தான் ஒரு தடவை, ஒரு கிராஸ்டன்காரன் என்கிட்ட வந்து..." என்று ஆரம்பித்து, புறப்பட எழுந்த பரிசோதகரின் கையைப் பிடித்து மறுபடி சோபாவில் உட்காரவைத்தார்.

பரிசோதகர் பரிதாபமாக வீட்டம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா... அதைக் கொஞ்சம் போடுங்களேன்!"