சாதனா தேர்ந்தெடுத்த பள்ளி

கற்றல் சிரமமுள்ள பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி அது. மும்பை மாதுங்காவிலிருந்து மகள் சாதனாவுடன் கர்ஜத் வரை வந்திருந்த அகிலாண்டம், பிரின்சிபாலிடம் கேட்டாள்.

"வருஷம் பூரா இங்கேயே தங்கணுமா?"

"ஆமாம்மா."

"இவளுக்கு பி எழுத்தும் டி எழுத்தும் இன்னும் குழம்பும். திட்ட மாட்டேளே?"

"இங்கே யாரையும் திட்டறதில்லை."

"மோர் சாதம் இல்லேன்னா தூங்க மாட்டா."

"அம்மா, போறும்!" சாதனா நெளிந்தாள். "மூணு ஸ்கூல் பார்த்துட்டு, நானே இதைத்தான் செலக்ட் பண்ணியிருக்கேன்."

அகிலாண்டம் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

பிரின்சிபால் அவர்களை வகுப்புக்கு அழைத்துப் போனார்.

"குழந்தைகளா, இவங்கதான் உங்க புது டீச்சர் சாதனா. உங்களை மாதிரியே எழுத்தோட மல்லுக்கட்டி ஜெயிச்சவங்க."

முன்வரிசைச் சிறுமி அகிலாண்டத்தையே பார்த்தாள்.

"டீச்சரும் அம்மாவோடதான் வருவாங்களா?"