மூன்று சென்டிமீட்டர்

"வண்டி ஓட்டும்போது இடது கால்ல கொஞ்சம் இன்ஜின் சூடு அடிக்கும் சார். இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது" என்றான் சேல்ஸ்மேன்.

"இடது கால்தானே? அடிச்சுட்டுப் போகட்டும்" என்றார் சர்வேயர். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி தம்பி."

இது ஏழாவது நன்றி. பைக் ஷோரூமில் சேர்ந்து நான்கு வருடத்தில் சேல்ஸ்மேனுக்கு இத்தனை நன்றி வந்ததில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டால் நன்றி, தண்ணீர் கொடுத்தால் நன்றி. ஃபேனைத் திருப்பி வைத்தவர் மேனேஜர். அதற்கும் இவனுக்குத்தான் நன்றி.

சர்வேயருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நிலம் அளக்கிற உத்தியோகம் என்பதால் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டேப் இருந்தது. இவன் போன் பேசிவிட்டுத் திரும்பியபோதே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு வண்டிகள். சிவப்பு ஒல்லி, உயரம். கல், மண், பள்ளம் எதையும் மதிக்காது. சாம்பல் குள்ளம், கனம். காற்றுத் தடுப்பும் பெரிய டேங்க்குமாக ஹைவேக்கென்றே பிறந்தது.

"எங்கே போறதா பிளான் சார்?"

"முந்நூறு கிலோமீட்டர் ஹைவே. அப்புறம் நாப்பது கிலோமீட்டர் மலைப்பாதை, வெறும் கல்லும் மண்ணும். உச்சியில ஒரு ஏரி. மூணு வருஷத்துக்கு முன்னாடி பாதியில திரும்பிட்டேன். திரும்பிட்டேன்னு சொல்ல முடியாது, தூக்கிட்டு வந்து விட்டாங்க."

"வண்டி மக்கர் பண்ணிடுச்சா?"

"சேச்சே. வண்டி நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப உங்களுக்குச் சிவப்புதான் சார். ஹைவேல கொஞ்சம் நடுங்கும், டீ குடிச்சு டீ குடிச்சுப் போயிடலாம். மேலே ஏறணுமே, அதுதானே முக்கியம்."

சர்வேயரின் முகத்தில் பல்பு எரிந்தது. சேல்ஸ்மேன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, வலது காலை வீசி ஏறினார். ஏறிய வேகத்தில் இடது முழங்காலுக்குக் கீழே ஃபுட்ரெஸ்ட் 'டங்' என்று மோதியது. சேல்ஸ்மேன் தன் காலைப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றான். சர்வேயர் குனிந்து வண்டியைப் பார்த்தார்.

"பெயின்ட் எதுவும் போகலியே?"

பெயின்ட் போகவில்லை. ஆனால் வேறு சிக்கல். வலது கால் விரல்நுனியில் தரையைத் தொட்டது. இடது பாதமோ தரைக்கு மேலே மரச்சட்டம்போல விறைத்து நின்றது.

"விரலை நீட்டுங்க சார்."

"நீளாது தம்பி."

"ஷூ புதுசோ?"

"ஷூ பழசுதான்."

சேல்ஸ்மேன் பெருமூச்சு விட்டான். வாயை மூடிக்கொண்டு பில் போட்டிருக்கலாம். ஆனால் ஏழு நன்றி வாங்கியவனால் அது முடியவில்லை.

"வேண்டாம் சார். மலையில கல்லு மேல நிறுத்தும்போது இடது கால் ஊனலைன்னா வண்டியோட சேர்ந்து சாய வேண்டியதுதான். வண்டியைத் தாழ்த்தினா அடியில கல்லு இடிக்கும். சீட்டைச் செதுக்கினா முந்நூறு கிலோமீட்டரும் நின்னுக்கிட்டேதான் ஓட்டணும். பேசாம சாம்பலை எடுங்க."

"சாம்பல் ஏரி வரைக்கும் போகுமா?"

"பாதி போகும் சார்."

"பாதி நான் ஏற்கெனவே போயாச்சே" என்றார் சர்வேயர் மெதுவாக. எரிந்த பல்பு அணைந்துவிட்டது. "இன்னைக்கே முடிவு பண்ணியாகணும் தம்பி. நாளைக்குக் காலையில அக்கா அளவு எடுக்கறாங்க. எந்த வண்டின்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒரு தடவை செஞ்சுட்டா லேசுல மாத்த முடியாது."

அக்கா தையல்காரர் போலிருக்கிறது என்று சேல்ஸ்மேனுக்குப் புரிந்தது. வண்டி ஓட்டப் போடுகிற கெட்டி பேன்ட்டாக இருக்கும். "நம்மகிட்டயே ரெடிமேடு இருக்கே சார்?"

"ரெடிமேடு எனக்குச் சரிப்படாது" என்றவர், சிவப்பு டேங்க்கைத் தடவிக்கொண்டார். "ஆனா உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. இதுக்கு முன்னாடி ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். படியேறி வர்றதைப் பார்த்ததுமே ஸ்கூட்டர் பக்கம் தள்ளிட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வண்டியில உட்கார வெச்சு, எது எட்டும் எது எட்டாதுன்னு முகத்துக்கு நேரா சொன்னீங்க."

வயதைப் பார்த்து ஒதுக்கியிருப்பார்கள் என்று சேல்ஸ்மேன் அந்த இரண்டு கடைகளையும் மனதுக்குள் திட்டினான்.

சர்வேயர் திடீரென்று டேப்பை எடுத்து நீட்டினார். "எவ்வளவு எட்டலைன்னு அளந்து சொல்லுங்களேன்."

ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடியே சேல்ஸ்மேன் குனிந்தான். இடது ஷூவுக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்தான். "மூணு சென்டிமீட்டர் சார். மூணே மூணுதான், பாவம்."

சர்வேயர் போனை எடுத்தார். "அக்கா, சிவப்புதான். ஆமா, முடிவு பண்ணியாச்சு. இடது பக்கம் மட்டும் மூணு சென்டிமீட்டர் கூடப் போட்டுடுங்க. நடக்குறதுக்கா? அதுக்குத்தான் பழசு இருக்கே. ரொம்ப நன்றிக்கா."

பல்பு மறுபடியும் எரிந்தது. சேல்ஸ்மேனுக்குத்தான் பொறுக்கவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. பேன்ட்ல ஒரு பக்கம் மட்டும் நீளமா வெச்சா தடுக்கி விழுந்துடுவீங்க."

"பேன்ட் யாரு தம்பி தைக்கச் சொன்னா?" என்ற சர்வேயர், சிவப்பு வண்டியில் உட்கார்ந்தபடியே இடது பக்கத் துணியை முழங்கால் வரை ஏற்றி, அங்கே சைலன்சர்போலப் பளபளத்த இரும்புக் குழாயை விரலால் தட்டிக் காட்டினார். "வண்டி ஓட்டுறதுக்குன்னே அக்கா எனக்கு இன்னொரு கால் செய்யறாங்க."